மூன்று தாள், மூன்று குறி: அப்பாவுக்கு உண்மையில் என்ன வருத்தம்?

சுன்னாகத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. கையில் மூன்று தாள்கள். 2 வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் கொடுத்த தாளில் டி47.2 என்று ஒரு நோய்க் குறி இருக்கிறது. இந்த வருடம் நாரி நோ தாங்க முடியாமல் இங்கே வாட்டில் சேர்த்தார்கள். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கியிருந்தது. துண்டு வெட்டும்போது கொடுத்த கார்ட்டில், எலும்புக்குள் இருக்கிற மச்சையில் வருகிற புற்றுநோயான மல்ரிப்பிள் மயலோமா, சி90.0. காப்புறுதிக்காக நிரப்பிய படிவத்திலோ சி79.5. போதாக்குறைக்கு இரவிரவாக இணையத்தில் தேடியதில் சி90.00 என்று ஒன்று வந்து, அதற்கு ‘நோய் தணிவு அடையாதது’ என்று விளக்கமும் இருந்ததாம். "இதில் எது சரியான கோட்?" என்பது அவருடைய கேள்வி.

ஆனால் கேள்வியை இரண்டு தரம் வாசித்தபோது, அவர் கேட்பது அது மட்டும் இல்லை என்று பட்டது. முதல் வைத்தியசாலை புற்றுநோயைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டதா? இப்போது நோய் எலும்புக்குப் பரவிவிட்டதா? காப்புறுதிக்காரர் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு காசு தர மறுப்பாரா? இந்த மூன்றும்தான் அவரை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கின்றன. அந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. வடக்கில் ஒரு அரச வைத்தியசாலையின் றெக்கோட் றூமில் 20 வருடத்துக்கு மேல் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கோப்புகளுக்குக் குறியிடுகிற வேலை செய்கிறேன். ஆகவே குறிகளைப் பற்றித் துணிந்து பேசுவேன். அப்பாவின் நோய் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்த மருந்து பொருந்தும் என்பதெல்லாம் அவரைப் பார்க்கிற குருதியியல் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை.

குறி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வைத்தியர் நோயின் பெயரை எழுதுகிறார். நோயாளர் வீட்டுக்குப் போன பிறகு, வாட்டில் அவரைப் பற்றி எழுதிய தாள்களான அந்த டிக்கெட் கட்டுக்கட்டாக றெக்கோட் றூமுக்கு வரும். அங்கே இருக்கிறவர் நோயாளரைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். எழுதியிருக்கிற பெயரை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 10 அட்டவணையில் தேடி, அதற்குரிய குறியைப் போடுவார். எங்கள் காலத்தில் இது, வாட்டு நோயாளரின் நோய், இறப்புக் கணக்கான ஐ.எம்.எம்.ஆர் என்ற படிவமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகும். பிறகு அதுவும் கணினிக்கு மாறியது. குறியின் பிறப்பே கணக்குக்காகத்தான். எத்தனை பேருக்கு என்ன நோய் என்று நாடு எண்ணிப் பார்ப்பதற்கு வந்த சாமானை, காப்புறுதிக்காரர் பிறகு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டார். அன்றைய தாளில் அன்றைய வைத்தியர் எழுதியதற்கு அன்றைக்குப் போட்ட இலக்கம், அவ்வளவுதான் குறி.

எழுத்து மாறினால் குறி எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிக்கெட்டில் நோயின் பெயராக ‘எம்.எம்’ என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. நான் மலிக்னன்ற் மெலனோமா என்று எடுத்து, சி43 போட்டுவிட்டேன். அது தோலில் வருகிற புற்றுநோய். பக்கத்து மேசையில் இருந்த அக்கா டிக்கெட்டை வாங்கி, பின்பக்கத்து மருந்துத் தாளைத் திருப்பினார். அதில் மயலோமாவுக்குக் கொடுக்கிற தலிடோமைட். அதற்கும் பின்னால், ஊசி குத்தி மங்கிப்போன ஒரு சின்னத் துண்டில், மயலோமாக்காரரின் சிறுநீரில் தேடுகிற பென்ஸ் ஜோன்ஸ் புரதம் இருக்கிறது என்ற முடிவு. "தோல் வருத்தத்துக்கு ஏன் தம்பி மூத்திரத்தில புரதம் தேடினவை?" என்று மட்டும் கேட்டார். மயலோமா, மெலனோமா, பெண்களின் கருப்பையில் வருகிற மயோமா, மூன்றும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இடங்கள் மூன்றும் வேறு. அன்றைக்குப் பிறகு சுருக்கெழுத்தை நம்பி நான் குறி போட்டதே இல்லை, வாட்டுக்கு நடந்து போய்க் கேட்பேன்.

சரி, அப்பாவின் தாள்களுக்கு வருவோம். என்பு மச்சைக்குள் பிளாஸ்மா கலம் என்று ஒருவகை வெண்குருதிக் கலம் உண்டு. பிறபொருளெதிரிகளைச் செய்வது அதன் வேலை. அதில் ஒரே ஒரு கலத்தின் வாரிசுகள் மட்டும் அளவுமீறிப் பெருகினால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த ஒரே புரதத்தைக் குருதிக்குள் கொட்டும். அதைத்தான் எம் புரதம் என்கிறார்கள். இந்தக் கலங்களின் புற்றுநோய்களுக்கு ஐசிடி 10 ஒதுக்கிய வீடு சி90. அந்த வீட்டில் நாலு அறைகள். சி90.0 மல்ரிப்பிள் மயலோமா. சி90.1 பிளாஸ்மா கலங்கள் குருதியிலேயே நிறையச் சுற்றித் திரிகிற லூக்கீமியா. சி90.2 மச்சைக்கு வெளியே, மூக்கு தொண்டைப் பக்கம் போன்ற மென்மையான இடங்களில் கட்டியாக வருவது. சி90.3 ஒரே ஒரு தனிக்கட்டி. பெரும்பாலான தாள்களில் வருவது முதலாவதுதான். பழைய வைத்தியர் யாராவது ‘காலர் நோய்’ என்று எழுதியிருந்தாலும் அதே அறைதான். 1889-இல் அந்த நோயை விவரித்தவரின் பெயர் அது.

டி47.2 அந்த வீட்டில் இல்லை. அது அடுத்த தெரு. சி எழுத்தில் வருபவை கெட்ட கட்டிகள் என்று தீர்ந்தவை. டி37 தொடக்கம் டி48 வரை உள்ளவை, எந்தப் பக்கம் சாயும் என்று இன்னும் சொல்ல முடியாதவை. டி47.2-க்குரிய பெயரின் சுருக்கம் எம்.ஜி.யு.எஸ். அந்தப் பெயரை விரித்தாலே ‘இன்னதென்று தீராத’ என்ற பொருள் உள்ளே இருக்கும். எம் புரதம் குருதியில் தெரிகிறது, ஆனால் டெசிலீற்றருக்கு 3 கிராமுக்குக் குறைவு. மச்சையில் அந்தக் கலங்கள் 10 வீதத்துக்குக் குறைவு. கல்சியம் ஏறவில்லை, சிறுநீரகம் கெடவில்லை, குருதிச்சோகை இல்லை, எலும்பில் ஓட்டை இல்லை. இவ்வளவும் பொருந்தினால்தான் அந்தப் பெயர். வயது போனவர்களில் இது அபூர்வம் இல்லை, பலர் இதோடேயே வாழ்ந்து வேறு காரணத்தால் காலமாகிறார்கள். சராசரியாக வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கு இது மயலோமாவாகவோ அதற்குக் கிட்டிய நோயாகவோ மாறுகிறது. அதனால்தான் மருந்து கொடுக்காமல், குறித்த இடைவெளியில் குருதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள்.

ஆகவே கொழும்புத் தாளில் டி47.2 இருப்பதும், 2 வருடம் கழித்து இங்கே சி90.0 வந்திருப்பதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அன்றைக்கு அது உண்மை, இன்றைக்கு இது உண்மை. மயலோமா வந்த அநேகமாக எல்லோரும் அந்த முன்படியைக் கடந்துதான் வந்திருப்பார்கள், தற்செயலாக ஒரு குருதிப் பரிசோதனை செய்தவர்களுக்கு மட்டும் அது முன்கூட்டித் தெரிகிறது. இதுவரை நான் சொன்னது உறுதி. உறுதியில்லாதது, அன்றைய முடிவு அன்றைய எண்களுக்குப் பொருந்தியதா என்பது. அதைத் தீர்ப்பது டி47.2 என்ற எழுத்தும் இலக்கமும் இல்லை. எம் புரதம் எவ்வளவு, மச்சை எடுத்துப் பார்த்தார்களா, எலும்புக்குப் படம் எடுத்தார்களா, திரும்ப எப்போது வரச் சொன்னார்கள் என்பவைதான். அந்தத் தாள்களை இப்போதைய வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். குறியை மட்டும் பார்த்து ‘விட்டுவிட்டார்கள்’ என்று முடிவுக்கு வருவது அந்த வைத்தியருக்கும் நியாயம் இல்லை, உங்களுக்கும் நிம்மதி தராது.

இடையில் ஒரு படி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. எம் புரதம் 3 கிராமைத் தாண்டிவிட்டது, அல்லது கலங்கள் 10 வீதத்துக்கு மேல் போய்விட்டன, ஆனால் உறுப்பு ஒன்றுக்கும் பாதிப்பு இல்லை என்ற நிலை. புகைந்துகொண்டிருக்கிற மயலோமா என்று பொருள்படும் பெயர் அதற்கு. உமிக்குள் கிடக்கிற நெருப்பு மாதிரி. ஐசிடி 10-இல் இதற்குத் தனி அறை இல்லாததால் சி90.0-க்குள்தான் விழுகிறது. கண்காணிப்பு மட்டும் போதும் என்று சொல்லப்பட்டவருக்கும், கீமோ ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் ஒரே குறி! இந்த அட்டவணையில் எனக்குப் பிடிக்காத இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். உங்கள் அப்பாவுக்கு எலும்பு நொறுங்கியிருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

இப்போது அந்த மூன்றாவது தாள். சி79.5 என்றால் வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கோ என்பு மச்சைக்கோ பரவியது என்று அர்த்தம். மார்பகத்திலிருந்தோ சுக்கிலச் சுரப்பியிலிருந்தோ எலும்புக்குப் போனால் அந்தக் குறி சரி. மயலோமா அப்படி இல்லை. அது பிறந்த இடமே மச்சை, எலும்பை அரிப்பது அதன் சுபாவம். தன் சொந்த வீட்டுச் சுவரைத் தானே இடிக்கிறவனை வெளியிலிருந்து வந்தவன் என்று எழுதலாமா? படிவம் நிரப்பியவர் ‘முள்ளந்தண்டில் புற்றுநோய்ப் பாதிப்பு’ என்ற வரியைப் பார்த்து, பரவியது என்று எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஆனால் இதே பிழையை நான் பலதரம் திருத்தியிருக்கிறேன். வைத்தியரின் கார்ட்டில் மயலோமா என்று மட்டும் இருந்து, வேறு புற்றுநோய் எதுவும் சொல்லப்படாமல் இருந்தால், சி79.5 அங்கே இருக்க வேண்டிய குறி இல்லை. புதிதாக எங்கோ பரவிவிட்டது என்று அந்தத் தாளை வைத்துப் பயப்படாதீர்கள்.

நொறுங்கிய எலும்பை எழுதாமல் விடுவதா என்றால், அதற்கும் வழி உண்டு. ஐசிடி 10-இல் சில குறிகள் சோடியாக நடக்கும். மூல நோய்க்குரிய குறியின் பக்கத்தில் சிறு குத்துவாள் அடையாளம், அது உண்டாக்கிய கோளாறுக்குரிய குறியின் பக்கத்தில் நட்சத்திரம். சி90.0 குத்துவாளோடு முன்னுக்கு நிற்க, புற்றுநோயால் வந்த எலும்பு முறிவுக்கு எம்90.7 நட்சத்திரத்தோடு பின்னுக்கு வரும். குருதிச்சோகை இருந்தால் டி63.0, சிறுநீரகக் குழாய்கள் கெட்டிருந்தால் என்16.1, அவையும் அதே மாதிரி. நட்சத்திரக் குறி ஒருபோதும் தனியே நிற்கக் கூடாது. எங்கள் ஊரில் பல தாள்களில் இந்த இரண்டாம் குறியை எழுதவே மாட்டார்கள். நேரமில்லை, ஆள் இல்லை. எழுதாமல் விட்டால் அது குறைதான், பொய் இல்லை. சி79.5 எழுதுவது பொருளையே மாற்றிவிடும்.

அந்த சி90.00 விடயத்துக்கு வருவோம். அது உங்கள் அப்பாவின் குறியே இல்லை. உலகப் பொதுவான ஐசிடி 10-இல் சி90.0-உடன் இலக்கம் முடிந்துவிடுகிறது. அமெரிக்கா அதைத் தன் தேவைக்கு விரித்து, 2015 ஒக்டோபர் 1 முதல் பாவிக்கிற பதிப்பில் இன்னோர் இலக்கம் சேர்த்திருக்கிறது. கடைசியில் 0 வந்தால் தணிவு நிலைக்கு வராதது, 1 வந்தால் தணிந்தது, 2 வந்தால் தணிந்து மீண்டும் தலைதூக்கியது. இணையத்தில் சி90.0 என்று தேடினால் அமெரிக்கப் பக்கங்கள்தான் முதலில் வந்து நிற்கும். ‘தணிவு அடையாதது’ என்பதை வாசித்தால் மருந்து தோற்றுவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் நேற்று நோய் தெரியவந்து, இன்னும் ஒரு ஊசியும் போடாதவருக்கும் அதே 0 தான். தணிந்தது என்றோ திரும்பியது என்றோ வைத்தியர் எழுதாதவரை 0 நிற்கும். அந்த வார்த்தையைத் தேர்ந்தவர்கள் நோயாளரின் பிள்ளைகள் நடுராத்திரியில் இதை வாசிப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

தணிவு என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லிவிட வேண்டும். மயலோமாவில் சிகிச்சைக்குப் பிறகு எம் புரதம் மறைந்து, வருடக்கணக்காகச் சுகமாக இருப்பவர்கள் உண்டு. அப்போதும் அமெரிக்கக் குறி சி90.01 என்றே தொடரும். ‘முன்பு இருந்த நோய்’ என்பதற்கு இசட்85 என்று வேறு வரிசை இருந்தாலும், எதை எழுதுவது என்பது வைத்தியரின் தீர்ப்பு. தாளில் தெளிவில்லை என்றால் குறியிடுகிறவர் கேட்டுத்தான் போடவேண்டும் என்று அவர்களின் விதியிலேயே இருக்கிறது. நான் இப்போது செய்கிற வேலையில் பாதி நேரம் இப்படிக் கேள்வி அனுப்புவதிலேயே போகிறது.

இன்னும் சில இலக்கங்கள் உங்கள் கண்ணில் படலாம், திகைக்காதீர்கள். புற்றுநோய்ப் பதிவேட்டுக்குப் போகும் தாளில் 9732/3 என்று இருந்தால் அதுவும் மயலோமாதான். கலத்தின் உருவத்துக்கு வேறொரு அட்டவணை கொடுக்கிற இலக்கம் அது, கடைசி 3 கெட்டது என்பதற்கு அடையாளம். புதிய ஐசிடி 11 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாடுகள் ஆறுதலாகத்தான் மாறுகின்றன. அதில் மயலோமா 2ஏ83.1. ஒரு விசேசம், அங்கே எம்.ஜி.யு.எஸ்-உம் அதே 2ஏ83 குடும்பத்துக்குள் வந்துவிட்டது. பழைய ஐசிடி 9-இல் அது புற்றுநோய் அத்தியாயத்திலேயே இல்லை, புரதக் கோளாறுகளோடு 273.1 என்று கிடந்தது. மூன்று பதிப்பில் மூன்று முகவரி. நோய் நகரவில்லை, எங்கள் அறிவுதான் நகர்ந்திருக்கிறது.

காப்புறுதி விடயத்தில் நான் நிதானமாகத்தான் பேசுவேன். டி47.2 புற்றுநோய்க்குரிய குறி இல்லை, இதை நீங்கள் எங்கேயும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் நீங்கள் எழுதியபடி காப்புறுதி எடுத்தது அந்தத் தாளுக்குப் பிறகு. அப்போது நிரப்பிய படிவத்தில் ‘புற்றுநோய் உண்டா’ என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு கதை, ‘ஏதாவது நோய்க்காகக் கண்காணிப்பில் இருக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தால் வேறு கதை. ஒப்பந்தத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். அந்தப் படிவத்தின் பிரதியை முதலில் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்காமல் ‘கட்டாயம் தருவார்கள்’ என்றோ ‘தரவே மாட்டார்கள்’ என்றோ சொல்கிறவரை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சி79.5 எழுதிய படிவத்தோடு அதை நிரப்பியவரிடம் போய் வாதாட வேண்டாம், அவராக இலக்கத்தை மாற்றினால் அது இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு வைத்தியரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் நோயின் முழுப் பெயர் சுருக்கமில்லாமல், என்பு மச்சை பார்த்து உறுதி செய்த திகதி, முள்ளந்தண்டு முறிவு அந்த நோயால் வந்தது என்ற ஒரு வரி, வேறு இடத்துப் புற்றுநோய் இல்லை என்ற இன்னொரு வரி, இவ்வளவும் இருந்தால் போதும். அந்தக் கடிதத்தை வைத்து யார் குறியிட்டாலும் சி90.0-க்குத்தான் வருவார்கள். எம்90.7-உம் சேர்த்து எழுதினால் நல்லது, எழுதாவிட்டாலும் பாதகமில்லை. முந்திய படிவத்தில் கோடு அடித்துத் திருத்த விடாதீர்கள், புதிய திகதியோடு புதுப் படிவம் நிரப்பி, பழையது பிழையாக நிரப்பப்பட்டது என்று ஒரு குறிப்பை இணைக்கச் சொல்லுங்கள்.

கொழும்பில் எடுத்த அந்த 2 வருடத்துக்கு முந்திய புரத ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், போட்டோக் கொப்பி போதும். வைத்தியருக்கும் காப்புறுதிக்காரருக்கும் அதுதான் முதலில் வேண்டிவரும். அதில் எம் புரதம் எவ்வளவு என்று இருக்கிற எண்ணையும், மச்சை ரிப்போர்ட்டில் இருக்கிற வீதத்தையும் இங்கே எழுதினால், பெயர் ஊர் எல்லாம் மறைத்துவிட்டு எழுதுங்கள், எந்தக் குறிக்குள் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.